நெடுந்தீவின் நன்னீர்

தலயாத்திரை செய்வோர் பலர். யாத்திரையின் பயனைக் கைக்கொண்டு மீள்வோர் சிலர். ஊர்விட்டு ஊர் சென்ற அளவில் உள்ளம் இடம் பெயர்ந்துவிடுவதில்லை. வீட்டிலே விட்டுவந்ததாக எண்ணிய பற்றும் பகையும் மூட்டையோடு மூட்டையாய் உடன்வந்து, சந்நிதியிலும் கண்முன் நிற்றல் உண்டு. அங்ஙனம் தாம் சுமந்து சென்ற ஒன்றை ஈழநாட்டின் வடகடலிலுள்ள தீவொன்றில் இறக்கிவைத்து மீண்ட சிவகிரியன்பர் ஒருவரது வரலாறு, சைவ நன்மக்கள் சிந்தித்தற்கு உரியதாதலின் ஈண்டு எழுதப்படுகின்றது.

சிவகிரி என்பது மேலைமலைத் தொடரின் அடிவாரத்தே அமைந்த ஊர். 2019ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பெறும்வரை அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஊர்க்கு அணியாகிய குன்றின்மேல் முருகப்பெருமான் பாலசுப்பிரமணியராய் எழுந்தருளியிருக்கின்றார். மலை அருகிலிருந்தும் மழை தப்பிய ஆண்டுகளில் அப்பக்கத்துத் தோட்டக்காரர்க்குக் கிணறே கதி. நம் அன்பர் அறுபத்தைந்து வயது கடந்தவர், வேளாண்மையால் வாழ்பவர், நீறும் கண்டிகையும் தரித்து, வைகறையில் ஐந்தெழுத்து ஓதி, வாரந்தோறும் சித்தாந்தப் பாடங் கேட்கும் நியமமுடையவர். சிவஞானபோதத்துப் பன்னிரு சூத்திரங்களும் அவற்றின் உரைப்பொருளும் அவர்க்கு நாவில் நிற்பன.

இத்துணை நியமமுடையார்க்கு ஒரு வழக்கு இருந்தது; அதுவும் உடன்பிறந்த தம்பியோடு. தந்தையார் விட்டுச்சென்ற தோட்டம் ஒரு வரப்பினால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அண்ணன் பங்கில் ஒரு கிணறு, தம்பி பங்கில் ஒரு கிணறு. மழை பொய்த்த ஓராண்டில் அன்பர் தம் நிலத்தில் 600 அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கி மோட்டார் வைத்தார். அடுத்த கோடையில் தம்பியின் கிணறு வறண்டது. இரண்டிற்கும் ஊற்றுக்கண் ஒன்றே என்று தம்பி சொன்னான். தம் நிலத்தைத் தாம் தோண்டியதில் குற்றம் யாது என்று இவர் கேட்டார். சொல்லுக்குச் சொல் தடித்தது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. ஆறு ஆண்டுகள் இரு வீட்டாரும் ஒருவர்முகம் ஒருவர் பாராது ஒரே தெருவில் வாழ்ந்தனர்.

2024ஆம் ஆண்டு ஆடித்தபசுக்கு அன்பர் சங்கரன்கோவில் சென்றார். அத்தலத்து வரலாறு யாவரும் அறிந்ததே. சங்கன், பதுமன் என்னும் நாகவரசர் இருவர், சிவபெருமானே பெரியன் என்று ஒருவனும், திருமாலே பெரியன் என்று ஒருவனுமாக மாறுபட்டு வாதிட்டு, முடிவறியாது கோமதியம்மையை அடைந்தனர். அம்மை அவர்பொருட்டுத் தவமியற்ற, இறைவன் ஒருபாற் சங்கரனும் ஒருபால் நாராயணனுமாய்த் திருக்கோலங் காட்டியருளினன். வாதம் அற்றது, நாகர் இருவரும் அங்கேயே தங்கி வழிபட்டனர். அக்காட்சியை ஆண்டுதோறும் கண்டு கண்ணீர் மல்குதல் அன்பர்க்கு வழக்கம். அவ்வாண்டும் மல்கினார். புற்றுமண் பிரசாதத்தைப் பொதிந்து இடுப்பில் முடிந்துகொண்டார். மாறுபட்ட இருவரைப் பொருத்திவைத்த தலத்தின் மண் அது என்னும் நினைவு அப்பொழுது அவர்க்கு எழவில்லை. வழக்கின் அடுத்த தவணை எப்பொழுது என்பதே நினைவாயிற்று. தம் கண்ணீருக்கும் தம் நினைவுக்கும் இடையே கிடந்த தூரம் அவர்க்கே அச்சந் தந்தது. "ஆளரவமற்ற இடத்தில் சின்னாள் இருந்தாலன்றி இவ்வுள்ளம் தெளியாது" என்று துணிந்தார்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் கிடக்கும் தீவகத்தைப் பற்றி அவர் முன்பே கேட்டறிந்திருந்தார். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என ஏழாக எண்ணப்படும் அவற்றுள் கடைசியாகத் தனித்துக் கிடப்பது நெடுந்தீவு. ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் ஆகிய இரண்டே. அவற்றை விடுத்துப் பாடல்பெறாத தீவுக்கு ஏன் செல்லவேண்டும் என்று பாடங்கேட்கும் அன்பர் சிலர் வினவினர். "அங்கு அமைதி உளது" என்பதே இவர் கூறிய விடை.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஐப்பசித் தொடக்கத்தை ஒட்டித் தொடங்கி இடையில் நின்ற பயணக் கப்பல், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. ஆவணித் திங்களில் அன்பர் நாகைக் காரோணத்திறைவனை வணங்கிக் கப்பலேறினார். காங்கேசன்துறையில் இறங்கி, நகுலேச்சரமும் நல்லூர்க் கந்தன் கோயிலும் தொழுது, நாவலர் பெருமான் 1822இல் தோன்றிய அந்நல்லூரிலே ஓரிரவு தங்கினார். மறுநாட் காலை பண்ணைக் கடல்வழிப் பாதையிற் புறப்பட்ட பேருந்து வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் அவரை விட்டது. அங்கிருந்து நயினாதீவு கூப்பிடு தூரம்போலத் தோன்றும். நெடுந்தீவோ கண்ணுக்குத் தோன்றாது.

முதலில் நயினை நாகபூஷணியம்மையைத் தரிசித்தார். அங்கும் நாகத்தின் கதையே அவரை எதிர்கொண்டது. அம்மைக்குப் பூக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகமொன்றைக் கருடன் இடைமறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் எதிர்க்கல்லில் அமர்ந்தது. அவ்வழிக் கலத்திற் சென்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் நாகத்திற்கு வழிவிடுமாறு கருடனை இரந்தான். அம்மைக்கு ஆலயம் எடுப்பதாயின் விடுவல் என்றது கருடன். வணிகன் இசைந்தான், கருடன் கடலில் மூழ்கியெழுந்து பகைவிட்டுச் சென்றது. பகை நீங்கிய இடத்தில் கோயில் எழுந்தது என்பது அவ்வூர் மரபு. சங்கரன்கோவிலில் வாதம் தீர்ந்த நாகம். நயினையிற் பகை தீர்ந்த நாகம். இடுப்பிலிருந்த புற்றுமண் அன்பர்க்கு அப்பொழுது சற்றே கனத்தது. ஆயினும் அவர், "அமைதியைத் தேடி வந்தோம்; வழக்கை இங்கு நினைத்தல் ஆகாது" என்று தம்மைத் தாமே அடக்கிக்கொண்டு நெடுந்தீவுப் படகில் ஏறினார்.

ஆவணியிற் சோளகக் காற்று முற்றும் அடங்கியிருக்கவில்லை. படகு ஏறக்குறைய ஒருமணி நேரம் அலைகளிடையே தத்தளித்துச் சென்றது. உடனிருந்தோர் பேச்சற்றிருந்தனர். இக்கடல்வழியிலேதான் 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், குமுதினி என்னும் படகில் நெடுந்தீவினின்றும் வந்த பயணிகள் இடைமறிக்கப்பட்டு, பெண்டிரும் பச்சிளங் குழவியும் உட்பட 20க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இதனை உடனிருந்த ஒருவர் கடலை நோக்கியவாறே இரண்டு வாக்கியத்திற் சொல்லி முடித்தார். அன்பர் திருவைந்தெழுத்தை உள்ளத்துள் ஓதினார்.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. மலையும் இல்லை, மேடும் இல்லை; ஓரிடத்தில் நின்றால் பனைகளினிடையே வானத்தின் விளிம்புவரை பார்வை செல்லும். வீடுகளுக்கும் வயல்களுக்கும் வேலி, கடல்தந்த முருகைக்கல். சாந்து பூசாமல் கல்மேற் கல் அடுக்கிய அம்மதில்களுக்கிடையே மணற்பாதைகள் நெளிந்து செல்லுகின்றன. போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரையிட்டு டெல்ஃப்ட் என்றனர். அவர் கோட்டையின் முருகைக்கற் சுவர்கள் இடிந்து நிற்கின்றன. ஆப்பிரிக்க நாட்டினின்றும் எக்காலத்தோ வந்து வேரூன்றிய பெருக்குமரம் ஒன்று, மனிதர் உட்புகத்தக்க பொந்தோடு பருத்து நிற்கின்றது. ஐரோப்பியர் வளர்த்து விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை, ஆள்வோரும் இன்றிக் கடிவாளமும் இன்றி மேற்குத் தெற்கு வெளிகளில் மேய்கின்றன. அவற்றின்பொருட்டும் அந்நிலத்தின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டிற் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது.

மாலைக் கதிரவன் கடலில் தோயும் வேளையில், காற்றன்றி வேறொலியில்லாத அவ்வெளியில் அன்பர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். தாம் தேடியது கிட்டிற்று என்றே எண்ணினார். எஞ்சிய நாட்களை ஈண்டே கழித்துவிடலாமோ என்னும் ஆசையும் எழுந்தது.

அவர் தங்கிய வீட்டின் அயலில் ஒரு சிறு பிள்ளையார் கோயில் இருந்தது. அதற்கு நாள்தோறும் விளக்கேற்றுபவர் எழுபது வயது கடந்த மூதாட்டியார். மறுநாள் வைகறையில் அன்பர் நீராடுதற்குக் கிணற்றடி சென்று, தம்மூர்ப் பழக்கத்தின்படி வாளியை விரைந்து இறக்கி விரைந்து இழுத்தார். அம்மூதாட்டியார் கோயில் முற்றத்தினின்றும், "ஐயா, ஆறுதலாய் அள்ளுங்கோ. கடுகி அள்ளினால் உப்பு மேலை வரும்" என்றார்.

அன்பர் திகைத்து, "கிணற்று நீர் அள்ளினால் உப்பு எங்ஙனம் வரும், அம்மா?" என்று வினவினார். தம் வாழ்நாள் முழுதும் கிணறு தோண்டியவர்க்கு ஒரு கிழவியார் கிணற்றின் இயல்பைக் கற்பித்தார். பிற்பாடு ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரும் அதனை விளங்க உரைத்தார். தீவின் நிலம் சுண்ணக்கல், சல்லடைபோற் பொள்ளலுடையது. சுற்றிலுமுள்ள கடல்நீர் நிலத்தின் அடியிலும் புகுந்து நிற்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர் அக்கல்லில் ஊறி, உப்புநீரினும் எடை குறைந்ததாதலின், அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிலைபெறும் என்பது நூலோர் கணக்கு. மேலே ஓரடி குறையுமாயின், அடியிலுள்ள உப்பு அக்கணக்கின்படியே மேலேறும். ஒருவர் பேராசையால் மிகுதியும் இறைத்தால் அவர் கிணறு மட்டுமன்றி அயலார் கிணறும் உவர்க்கும். முருகைக்கல் மதில் நிலத்தின்மேல் நிற்பது. கீழே நீருக்கு மதில் இல்லை.

அன்பர் கேட்டுநின்றார். தம் நிலத்தில் தாம் தோண்டியதில் குற்றம் யாது என்று ஆறாண்டு கேட்டுவந்த கேள்விக்கு விடை இங்ஙனம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

மூதாட்டியார் நாளொன்றுக்கு இறைக்கும் நீர் அளவுடையது. முதல் வாளி பிள்ளையார்க்கு, இரண்டாவது வீட்டுக்கு. மூன்றாவது வாளியைச் சுமந்துசென்று மதிலின் புறத்தேயுள்ள கல்தொட்டியில் ஊற்றினார். கோடை முற்றிக் குளங்கள் வற்றியமையால் உடல் மெலிந்த குதிரையொன்று குட்டியுடன் வந்து அதனைப் பருகிற்று.

"நன்னீர் இத்துணை அரிதாயிருக்க, உடையவரில்லாத குதிரைக்கு ஏன் ஊற்றுகின்றீர்கள்?" என்றார் அன்பர்.

"அதுக்கும் விடாய்தானே, ஐயா" என்றார் அவர்.

சிறிது பொழுது கழித்து அன்பர், பேச்சை மாற்றுவார் போல, "இத்தீவின் அமைதியே அமைதி, எங்களூரில் இஃது இல்லை" என்றார். மூதாட்டியார் குதிரையைப் பார்த்தபடியே, "பிள்ளையள் எல்லாரும் வெளியிலை, ஐயா. ஒருத்தன் கனடாவிலை, ஒருத்தி லண்டனிலை. வீடுகள் பூட்டிக் கிடக்குது. அதுதான் சத்தமில்லை. எனக்கு ஒரு சத்தம் கேட்டால் நல்லாயிருக்கும்" என்றார்.

அன்பர்க்கு மறுமொழி இல்லாதாயிற்று. தாம் பேறாகக் கருதிய ஒன்று மற்றொருவர்க்குத் துன்பமாய் இருந்ததை அவர் கண்டார். மக்கள் அருகிலிருந்தும் பேசாதிருக்கும் தம் தெருவும், மக்கள் இல்லாமையாற் பேச்சற்ற இத்தீவும் அவர் நினைவில் ஒருங்கே தோன்றின. இவ்வம்மையார்க்குப் பேசுதற்கு விருப்பமிருந்தும் உறவினர் கடல்கடந்து உள்ளனர். தமக்கோ வரப்புக்கு அப்பால் தம்பி இருந்தும் பேச மனமில்லை. உடையவரில்லாத குதிரையின் விடாய் இம்மூதாட்டிக்குத் தெரிந்தது. உடன்பிறந்தான் பயிரின் விடாய் தமக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அன்பர் உறங்கவில்லை. சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர் கடலும் நீரும் உப்பும் ஆகிய மூன்றனை உவமையாக வைத்தருளியமை அவர் நினைவுக்கு வந்தது. உப்பு நீரைப் பற்றுமேயன்றி, நீருக்கு இடங்கொடுத்து நிற்கும் கடல்வெளியைப் பற்றாது. அதுபோல அஞ்ஞானம் உயிரைப் பற்றுமேயன்றி, உயிருக்கு இடமாய் நிற்கும் இறைவனைப் பற்றாது. திருநெல்வேலிச் சீமை விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்த சிவஞான முனிவரது மாபாடியத்தைத் துணைக்கொண்டு இதனை எத்தனையோ முறை அவர் பாடங் கேட்டதுண்டு. பிறர்க்கு எடுத்துச் சொன்னதும் உண்டு. உப்பு என்பது தம் நாவிலும் தம் கிணற்றிலும் இருப்பதாக அவர் அறிந்திலர்.

உவமை ஒருபுடை யொத்தல் போதும். முற்றும் ஒத்தல் வேண்டா. தீவின் உப்பு புறத்தேயுள்ள கடலினின்று புகுவது. ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உடனாயுள்ளது. ஆயினும் ஒப்புமை கொள்ளத்தக்க இடம் ஒன்று உண்டு. நன்னீர் அந்நிலம் தானே ஈன்றதன்று. மேலிருந்து மழையாய் வந்தது. திருவருளும் அத்தகையது, உயிர் தன் முயற்சியால் ஆக்கிக்கொள்வதன்று. வந்ததை நம்முடையது என்று பற்றி அளவின்றி இழுக்குந்தோறும், அடியில் அடங்கிக் கிடந்த யான் எனது என்னும் உவர் மேலெழும். நியமம், பாராயணம், யாத்திரை ஆகிய நன்மைகளையும் "நான் செய்தேன்" என்று இறைப்பவர்க்கு அவையும் உவர்க்கும். ஆறாண்டாகத் தம் பூசை ஏன் சுவைக்கவில்லை என்பது அன்பர்க்கு அவ்விரவிற் புலப்பட்டது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நூற்றுணிபு. அவர் வழக்கைச் சார்ந்திருந்தார். ஆதலின் சந்நிதியிலும் வழக்கின் வண்ணமாகவே நின்றார்.

பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழப் பணிக்கின்றது. மூன்று வாளி நீர் இறைத்த அம்மூதாட்டியார் சூத்திரம் ஒன்றும் ஓதியவரல்லர். நெற்றியில் நீறு மட்டும் உண்டு. விடியலில் அன்பர் கிணற்றடிக்குச் சென்று, இடுப்பிலிருந்த புற்றுமண்ணிற் பாதியை அவரிடம் கொடுத்து, "இது எங்கள் சங்கரன்கோவில் அம்மையின் பிரசாதம்" என்றார். மூதாட்டியார் அதனை இருகையாலும் ஏற்று நெற்றியில் இட்டுக்கொண்டு, மிகுதியைப் பிள்ளையார் திருமுன் வைத்தார். ஒரு திங்கள் தங்க எண்ணி வந்த அன்பர் மூன்றாம் நாளே படகேறினார்.

ஊர் திரும்பிய அன்பர் முதலில் வழக்கறிஞரிடம் சென்று வழக்கைத் திரும்பப் பெறுதற்கு எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே மீதிப் புற்றுமண்ணோடு தம்பி வீட்டு வாயிலில் நின்றார். ஆறாண்டு மிதியாத படி அது. தம்பி திண்ணையில் இருந்தான், எழுந்தானில்லை, வா என்றானில்லை. அவன் மனைவிதான் வெளியே வந்து, "அத்தான், உள்ளே வாருங்கள், காப்பி போடுகின்றேன்" என்றாள். அன்பர் பிரசாதத்தை அவளிடம் கொடுத்து, "மோட்டார் ஒருநாள் எங்களுக்கு, ஒருநாள் உங்களுக்கு. குழாய் நாளைக்கே போடச் சொல்லியிருக்கின்றேன். பொழுதுக்கும் ஓட்டவேண்டாம், காலையில் இரண்டு மணி, மாலையில் இரண்டு மணி போதும்" என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அன்பரும் விடையை எதிர்பார்த்து நிற்கவில்லை.

குழாய் போட்டு நான்கு நாள் தம்பி தோட்டத்துப் பக்கம் வரவில்லை. தம்பியின் முறைநாளில் அன்பரே வால்வைத் திறந்துவிட்டு, நீர் வரப்பைக் கடந்து பாய்வதைப் பார்த்துத் திரும்பினார். ஐந்தாம் நாள் காலையில் அவர் செல்லும்போது வால்வு முன்னமே திறந்திருந்தது. வாய்க்காலருகே மண்வெட்டியோடு நின்ற தம்பி தலைநிமிராமலே, "அண்ணாச்சி, இரண்டு மணி ஆயிற்று, நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டான்.

ஆறாண்டில் அவன் அவரை அண்ணாச்சி என்றழைத்தது அதுவே முதல். இருவரிடையே உவர் முற்றும் நீங்கிவிட்டதென்று கூறுதல் மிகையாகும். பல ஆண்டு இறைத்த கிணறு ஒரு மழையில் இனித்துவிடாது. ஆயினும் மழை தொடங்கிற்று. அவ்வாண்டுத் திருக்கார்த்திகையில் சிவகிரிக் குன்றின்மேல் தீபங் காணச் சென்ற கூட்டத்தில், இரு குடும்பத்தாரும் ஒருசேரப் படியேறினர்.

யாத்திரை செல்லும் அன்பர்கள் தீவு காணினும் மலை காணினும், அவ்விடத்து அமைதியை மட்டும் நுகர்ந்து மீளாது, அதனருகே வாழ்வோர் எத்தனை வாளி இறைக்கின்றனர், அதில் மூன்றாவது வாளியை யார்க்கு ஊற்றுகின்றனர் என்பதையும் கண்டு வருவாராக. கேட்ட பாடம் கண்ணெதிரே நிற்கும் இடம் எதுவாயினும் அது நமக்குத் தலமே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.